பின்னால் கட்டிய கை

எங்கள் கல்லூரிக்கு எல்சிடி புரொஜெக்டர் வந்த அன்று அதற்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த பொறியியல் கல்லூரி அது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்கள். பிரித்த பிறகு அதைக் கம்ப்யூட்டரோடு எப்படிச் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பேராசிரியர்கள் வட்டமாக நின்று ஒயரைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் லேபில் தற்காலிக இன்ஸ்ட்ரக்டராக இருந்த நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "சார், அது அந்த நீலக் கலர் ஓட்டைல போகும்" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாளே கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரியின் சொந்தக்காரர். லாரியில் தொடங்கி, செங்கல் சூளைக்கு வந்து, அங்கிருந்து கல்விக்கு வந்தவர். "ம்மா, இனிமே வாத்தியாருங்க எல்லாரும் அந்தப் பெட்டிலதான் பாடம் நடத்தணும். யூனிவர்சிட்டிலேர்ந்து செமஸ்டர் கடைசில ஆளுங்க வருவாங்க. நீ எல்லாருக்கும் கத்துக்குடு" என்றார். நான் டிப்ளமோ. கற்றுக்கொள்ள வேண்டிய பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் முனைவர்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கு வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் ஜெராக்ஸ் கடை. "டிப்ளமோ படிச்சிட்டு இன்னாத்துக்கு ஊர் ஊரா அலையறே, வந்து மெஷின்ல நில்லு" என்று வாரத்துக்கு ஒரு தடவை போனில் சொல்லுவார். அன்று நானே போன் போட்டு, "பேராசிரியருங்களுக்கே நான்தான் க்ளாஸ் எடுக்கப் போறேன்" என்றேன். "யாருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று மெஷின் பேச்சை எடுக்காமலே போனை வைத்தார்.

சனிக்கிழமை மதியம் பயிற்சி. வருவார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், சமோசாவும் டீயும் முடிந்ததும் கையெழுத்தில் எழுதிய நோட்ஸை என் மேஜையில் வைத்துவிட்டு, "இதை ஸ்லைடா அடிச்சி வச்சிடும்மா" என்று கிளம்பிவிடுவார்கள். நானும் அடித்துவைத்தேன். வார நாட்களில் அவர்கள் வகுப்புக்குப் புரொஜெக்டரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதும் நான்தான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்த ஸ்லைடு போடுவதும் நான்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சமிக்ஞை இருந்தது. கணக்கு மேடம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினால் அடுத்த ஸ்லைடு. கெமிஸ்ட்ரி சார் தொண்டையைக் கனைப்பார். மெக்கானிக்கல் துறைத் தலைவர் டஸ்டரால் மேஜையில் தட்டுவார். இரண்டு தட்டு, அடுத்தது. ஒரு தட்டு, முந்தையது. கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் ஒரே இழுப்பில் வட்டம் போடுகிறவர் என்று இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் எல்லாம் பேர் அவருக்கு. வெள்ளைச் சட்டையும் கருநீலப் பேண்டும் தவிர வேறெதிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் தட்டுகிற தட்டில் கிளம்பும் சாக்பீஸ் தூளெல்லாம் என் கீபோர்டில்தான் வந்து இறங்கும். ஆனால் பாராட்டுவார்கள். "நீ இருக்கறப்போ எங்களுக்கு இன்னாம்மா கவலை" என்பார் கணக்கு மேடம். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அசடு, அப்படியே மயங்கிக் கிடந்தேன்.

ஒருநாள் கரஸ்பாண்டன்ட் சுற்றி வரும்போது ஜன்னல் வழியாக எங்கள் வகுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் என்ஜின் படம், மாணவர்கள் வாய் பிளந்தபடி. முகம் மலர்ந்து நின்றவர், டஸ்டர் இரண்டு தட்டு தட்டியதையும் நான் அமுக்கியதையும் பார்த்தார். மாலையில் கூப்பிட்டார்.

"அவுரு ஏன் அமுத்தலை?"

"நான் இருக்கேன்ல சார்" என்றேன், பெருமையாக.

"அப்போ நீ கத்துக்குடுக்கலை. வேலைதான் செஞ்சிகினு கீறே." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "யூனிவர்சிட்டி ஆளுங்க வர்ற அன்னிக்கு நீ க்ளாஸ் உள்ள இருக்கக் கூடாது. அவங்களே நடத்தணும். நடத்திட்டாங்கன்னா நீ பர்மனென்ட். யாராவது ஒருத்தர் முழிச்சிகினு நின்னாலும், பயிற்சிக்குன்னு நான் எதுக்கும்மா ஒரு ஆள் வச்சிக்கணும்? இந்த செமஸ்டரோட சரி, பாத்துக்கோ."

அவர் சொன்னது நியாயம் என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் நன்றாக அமுக்க அமுக்க அவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு நான் தேவைப்படாமல் போனால்தான் எனக்கு வேலை நிலைக்கும். கைவசம் ஆறு சனிக்கிழமைகள் இருந்தன. வாலாஜாபாத் ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் கண்ணுக்குள் போய் வந்துகொண்டே இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் நானும் இன்னொரு பெண்ணும் தங்கியிருந்தோம். அவள் திருநெல்வேலிப் பக்கம். கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடும் வேலைக்கு ஏறியிருந்தாள். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து குழாயடியில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தவளிடம் என் கதையைச் சொல்லி அழாத குறையாக நின்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ கையை எங்கட்டி வச்சிருந்த?"

"எந்தக் கையை?"

"ஒன் கையத்தான். எங்க லைன்ல புதுப்பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கவ, கையைப் பின்னால கெட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். ஒயரத் தொடப்பிடாது. வாயால மட்டுந்தான் சொல்லணும். தொட்டத சூப்பர்வைசர் பாத்தான்னா நம்மளத்தான் ஏசுவான்." சட்டையைப் பிழிந்து உதறினாள். "நாம ரெண்டு நிமிசத்துல செஞ்சி குடுத்திருவோம். பொறவு அவ ஷிஃப்ட் முடியிற வரைக்கும் நம்ம கையவே பாத்துக்கிட்டு நிப்பா. சும்மா கெட்டினா கை நிக்காது கேட்டியா, எதையாவது புடிச்சிக்கோ."

அடுத்த சனிக்கிழமை நான் பிடித்துக்கொண்டது டஸ்டரை. அது மேஜையில் இருந்தால்தானே தட்டுவார்கள். டஸ்டரை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு யாருக்கும் நான் டைப் அடிக்க மாட்டேன், மவுஸையும் தொட மாட்டேன். நீங்களே உக்காந்து ஒரு ஸ்லைடு போடணும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. கணக்கு மேடம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மவுஸ் சரியில்லை என்றார்கள். மேஜை வழுக்குகிறது என்றார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கினேன். மெக்கானிக்கல் சார் மவுஸைத் தொடவே இல்லை. நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தார். என் முகத்தையும் தோளையும் பார்த்தார், கை முன்னால் இல்லாததைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் பிரின்சிபால் அறையில் எனக்கு விசாரணை. பெரியவர்கள் முன்னால் கையை முன்னால் கட்டிக்கொண்டு நிற்பது மரியாதை. பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர் பரீட்சை ஹாலில் நடப்பவர், இல்லையென்றால் போலீஸ்காரர். எனக்கு அது தோன்றவே இல்லை. மெக்கானிக்கல் சாருக்கு அது மட்டும்தான் தோன்றியிருக்கிறது. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். ஒரு லேப் இன்ஸ்ட்ரக்டர் என் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறா. நான் என்ன காப்பி அடிக்கறேனா?" என்று கேட்டிருக்கிறார்.

பிரின்சிபால் யாரோடும் சண்டை வேண்டாம் என்று நினைக்கிறவர். "கையை முன்னாடி கட்டிக்கோயேன்மா. ரெண்டும் கட்டறதுதானே" என்றார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"என் கை முன்னாடி இருந்தா அது நேரா உங்க மவுஸுக்குத்தான் சார் போகும்" என்றேன். "ரெண்டு மாசமா போச்சே. அதனாலதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. மரியாதை வேணும்னா இப்பவே முன்னாடி கட்டிக்கறேன் சார். வேலை தெரியணும்னா அது பின்னாடிதான் இருக்கணும்." அப்படிப் பேசியது கோபத்தில் கொஞ்சம், பயத்தில் மீதி.

சார் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "இதை எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டார்.

"என் ரூம்ல இருக்கற பொண்ணு சொன்னா சார். ஒயர் கம்பெனில லைன்ல இருக்கா. அங்க சொல்லிக்குடுக்கறவங்க தொடக் கூடாதாம்."

"ம்" என்றார். எழுந்து வாசல்வரை போனவர் நின்று, திரும்பாமலே, "சனிக்கிழமை கதவை மூடி வை" என்றார்.

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயம் இல்லை. அது தெரியாமல் தடுமாறுவதை மாணவர்கள் பார்த்துவிடுவார்களோ என்றுதான் பயம். அந்த லேபுக்குக் கண்ணாடி வைத்த கதவு, போகிற வருகிற பையன்களெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். இதைக்கூடக் கவனிக்காமல் இரண்டு மாதம் சமோசா பரிமாறியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை கண்ணாடிக்கு நாளிதழ் ஒட்டினேன். அட்டெண்டர் அண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். யார் வந்தாலும், "உள்ள பரிட்சை நடந்துகினு கீது. சாருங்க எய்திக்கினு கீறாங்கோ. அப்பால வா" என்று அனுப்பிவிடுவார். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

கதவு மூடிய பிறகு அவர்கள் வேறு மனிதர்கள் ஆனார்கள். தப்பு செய்தார்கள், சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். கணக்கு மேடம்தான் முதலில் தேறினார். கெமிஸ்ட்ரி சார் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து பறந்து வருகிற மாதிரி செய்துவிட்டு, அதை நிறுத்தத் தெரியாமல் அரை மணி நேரம் வேர்த்தார். நான் பின்னால் நின்று வாயால் மட்டும் சொன்னேன். கை துடித்தது. டஸ்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அறைக்குப் போனால் திருநெல்வேலிக்காரி, "ஏட்டி, பின்னால என்ன துண்ணூறு பூசியிருக்க?" என்று சிரிப்பாள். புடவையின் பின்பக்கம் திருநீற்றுப் பட்டை மாதிரி சாக்பீஸ் வெள்ளை அடித்திருக்கும். எத்தனை தட்டினாலும் முழுசாகப் போகாது.

மெக்கானிக்கல் சாருக்குத்தான் டபுள் கிளிக் வரவில்லை. ஒரே இழுப்பில் வட்டம் போடும் கை அது. முதல் அமுக்கலுக்கும் இரண்டாவது அமுக்கலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. மவுஸ் மேஜையை விட்டே இறங்கிப் போகும். மூன்றாவது சனிக்கிழமை பார்த்தேன், அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தார். என் மேல் புகார் கொடுத்த மனிதர் என்ற கோபம் அதுவரை மனசின் ஒரு மூலையில் மிச்சம் இருந்தது. அது அன்றோடு போய்விட்டது. எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. "சார், ஒரு தடவை அமுக்கிட்டு என்டர் தட்டினாலும் திறக்கும்" என்றேன். தட்டினார். திறந்தது. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று முறைத்தார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நாலு ஸ்ட்ரோக் என்ஜினை அவரே வரைய வேண்டும் என்றார். பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நாற்பது ஸ்லைடு. வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பிஸ்டன் ஏறி இறங்குவது போலவே இருக்கும். வால்வு திறக்கும் இடம் ஒரு நூல் தப்பினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். அவர் அதைச் செய்து முடித்தபோது யூனிவர்சிட்டிக் குழு வர நாலு நாள் பாக்கி இருந்தது.

அந்த நாளும் வந்தது. குழுவில் மூன்று பேர். கணக்கு மேடம் வகுப்பிலும் கெமிஸ்ட்ரி சார் வகுப்பிலும் பத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, மெக்கானிக்கல் வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே. என் பக்கத்தில் கரஸ்பாண்டன்ட். அவர் போட்டிருந்த ஜவ்வாது வாசனை வராந்தா முழுக்க அடித்தது.

முதல் இருபது ஸ்லைடு பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு சார் ஏதோ ஒரு கீயைத் தொட்டுவிட்டார். ஷோ சட்டென்று நின்றது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள், ஓரமெல்லாம் பட்டன்கள். பெஞ்சுகளில் யாரோ களுக் என்று சிரித்தார்கள். எந்த அறுபது பையன்கள் பார்க்கக் கூடாது என்று கதவை மூடச் சொன்னாரோ, அதே அறுபது பேர். சாரின் கை தானாக மேஜைக்குப் போய் டஸ்டரை எடுத்தது. தட்டுவதற்குத் தூக்கிவிட்டார். அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

என் கால் வாசலை நோக்கி ஒரு எட்டு வைத்துவிட்டது. பத்து நொடி வேலை. ஒரே கீ. உள்ளே போனால் அவர் மானம் தப்பும், என் வேலை போகும் என்றுகூட அப்போது நினைக்கவில்லை. குழாயடியில் நிமிர்ந்து பார்க்காமல் பேசியவளின் குரல்தான் காதில் விழுந்தது. அவ நம்ம கையவே பாத்துக்கிட்டு நிப்பா. நான் நின்றேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று விரல்களைக் கோத்து இறுக்கினேன்.

இனி உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் கரஸ்பாண்டன்ட் முகம் மட்டும்தான் தெரிந்தது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது விழக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன், மணிமங்கலத்துப் பெருமாளிலிருந்து ஒருவரையும் விடவில்லை. தட்டு விழவில்லை. டஸ்டரை மேஜையில் மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது. கரஸ்பாண்டன்ட் நெற்றி சுருங்கியே இருந்தது.

"தப்பா ஒரு கீயை அமுக்கிட்டேன்" என்று சாரின் குரல் கேட்டது. மாணவர்களிடம்தான் சொன்னார். "இப்போ எப்படி உள்ள போறதுன்னு பாருங்க. நின்ன ஸ்லைடை செலக்ட் பண்றேன். அப்புறம் இந்தக் கீழ இருக்கற பட்டன்." ஒரு மூச்சு விடும் நேரம். "வந்துடுச்சா? சரி. எங்க விட்டோம்? பவர் ஸ்ட்ரோக்."

கரஸ்பாண்டன்ட் நெற்றி மெல்ல விரிந்தது. மீசை ஒரு பக்கமாக ஏறியது. உள்ளே குழுவில் ஒருவர், வால்வு திறக்கிற இடத்துக்குத் திரும்பப் போக முடியுமா என்று கேட்டார். சார் போனார். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் போனார். நான் வராந்தாச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கட்டிய கையைப் பிரிக்காமலே அழுதேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"இன்னாம்மா, அல்லாம் நல்லாதானே போவுது, இன்னாத்துக்கு அழுவுறே?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

அடுத்த வாரம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அதை அப்பாவின் கடைக்கே எடுத்துப் போய், அவர் மெஷினிலேயே பத்துக் காப்பி போடச் சொன்னேன். "பத்து எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். பதினொன்றாவதாக ஒன்று போட்டுக் கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொண்டார். திருநெல்வேலிக்காரிக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன். "கல்லு மாதிரி இருக்குட்டி" என்று சொல்லிக்கொண்டே முக்கால்வாசியை அவளே தின்றாள்.

அடுத்த ஜூனில் புதிதாக மூன்று விரிவுரையாளர்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு முதல் சனிக்கிழமை. பஸ் கிடைக்காமல் நான் வருவதற்கு அரை மணி தாமதமாகிவிட்டது. லேப் கதவு மூடியிருந்தது, வாசலில் அட்டெண்டர் அண்ணன் ஸ்டூலில். என்னைப் பார்த்தும், "உள்ள பரிட்சை நடக்குது மேடம்" என்றார், சிரிக்காமல்.

சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மவுஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் மெக்கானிக்கல் சார் நின்று, "இல்லம்மா, இன்னும் கொஞ்சம் மேல. அவசரப்படாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல டஸ்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று மேஜைக்குப் போனேன். அங்கே இல்லை. கரும்பலகை விளிம்பில் தேடினேன். அங்கேயும் இல்லை. அதற்குள் சார் ஏதோ வரைந்து காட்ட வேண்டும் என்று பலகைப் பக்கம் திரும்பி நடந்தார். கருநீலப் பேண்டின் பின்பக்கம் பட்டையாகச் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.